வசந்தத்தின் வாசலில் ஒரு வெண்புயல்

1888ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12ஆந் திகதி வெளிவந்த 'நியூயோர்க் ஹெரல்ட்' பத்திரிகையில் வோல்ற் விற்மன் எழுதிய சிறு கவிதை ஒன்று இடம்பெற்றிருந்தது. மாரிகாலம் கழிந்ததும் புல்லிடையே முதன்முதலாகத் தலைகாட்டும் டான்டிலியன் என்னும் எளிய மஞ்சட் பூவைப் பற்றியது அக்கவிதை. அறுபத்தெட்டு வயதினராய், பக்கவாத நோயால் நலிவுற்று, நியூ ஜேர்சி மாநிலத்தின் கம்டன் நகரில் வாழ்ந்துகொண்டிருந்த அம்முதிய கவிஞர் வசந்தத்தின் வரவைப் பாடியதில் வியப்பொன்றுமில்லை. இரண்டு நாள்களுக்கு முன்னர், சனிக்கிழமையன்று, நியூயோர்க் நகரின் வெப்பநிலை பரன்ஹைட் 50 பாகையைத் தாண்டியிருந்தது. மாரி போய்விட்டது என்றே எல்லோரும் எண்ணினர். ஞாயிறன்று மழை பெய்தது. நள்ளிரவுக்குப் பின்னர் அம்மழை வெண்பனியாக மாறிற்று. கவிதை அச்சேறிய திங்கட்கிழமை காலையில், அதனை வாங்கிப் படிப்பதற்கென வீதியில் இறங்க முடிந்தவர் மிகச் சிலரே.

'பனி' என்றதும் நமக்கு மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியே நினைவுக்கு வரும். தைப்பனி தரையைத் துளைக்கும் என்று சொல்லிக்கொள்ளும் நாம், தரையையே மறைத்துவிடும் பனியைக் கண்டதில்லை. ஆகவே, ஓர் அளவைச் சொல்லிவிடுவது நல்லது. ஓர் அங்குல மழை வெண்பனியாக விழுந்தால் ஏறத்தாழப் பத்து அங்குல உயரத்துக்கு அது தரையிலே படியும். இரண்டு அங்குல மழையை எந்த நகரமும் வடிகாலில் விட்டுவிட்டு மறந்துபோகும். இருபது அங்குல வெண்பனியோ நகரத்தை நிறுத்திவிடும். மழையோ பனியோ என்பதைத் தீர்மானிப்பது இரண்டொரு பாகை வெப்பநிலை மாத்திரமே. மாரி முடியுந் தறுவாயில் வரும் புயல்களைப் பற்றிய முன்னறிவிப்பின் இடரெல்லாம் இந்த இரண்டொரு பாகைக்குள்ளே அடங்கிக் கிடக்கின்றது.

மார்ச் 12 முதல் 14 வரை நியூயோர்க் நகரில் விழுந்த வெண்பனி சுமார் 21 அங்குலம். கொனெக்ரிக்கட், மசச்சூசெற்ஸ் மாநிலங்களிலும், நியூயோர்க், நியூ ஜேர்சி மாநிலங்களின் சில பகுதிகளிலும் 40 அங்குலத்துக்கு மேல் விழுந்தது. காற்று அள்ளிக் குவித்த இடங்களில் வீடுகளின் மேல்மாடி யன்னல்கள் வரை மூடப்பட்டன. வெப்பநிலை பரன்ஹைட் 10 பாகைக்குக் கீழே இறங்கிற்று. இறந்தோர் தொகை 400க்கு மேல் என்றும், அவர்களிற் சுமார் 200 பேர் நியூயோர்க் நகரத்தவர் என்றும் கணக்கிட்டுள்ளனர். செசப்பீக் குடாவிலிருந்து நியூ இங்கிலாந்துக் கரை வரை ஏறக்குறைய 200 கப்பல்களும் படகுகளும் கரைதட்டின, அல்லது உடைந்தன. கடலில் மடிந்த மாலுமிகள் நூறு பேராவது இருப்பர்.

இவ்வளவு பெரிய புயல் வரப்போகின்றது என்று யாரும் சொல்லவில்லையா? சொல்வதற்கென்று ஓர் அரசாங்க நிலையம் இருந்தது. சனிக்கிழமை இரவு வாஷிங்டனிலிருந்து அது வெளியிட்ட அறிவித்தலின் சாரம், மழை பெய்யும், அதன்பின் குளிர் கூடி வானம் தெளியும் என்பதே.

இந்த நிலையத்தின் வரலாறு சற்று நின்று நோக்கத்தக்கது. தந்தி தோன்றும் வரை வானிலை முன்னறிவிப்பு என்று ஒன்று இருந்திருக்க முடியாது. புயலைவிட வேகமாகச் செய்தி செல்லக்கூடிய காலம் வந்தபோதுதான் அது சாத்தியமாயிற்று. இங்கிலாந்திலே, முன்னர் டார்வினைச் சுமந்து சென்ற 'பீகிள்' கப்பலின் தலைவராயிருந்த றொபேட் பிற்ஸ்ரோய், 1861இல் துறைமுகங்களுக்குப் புயலெச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். பத்திரிகைகளில் அன்றாட முன்னறிவிப்புகளையும் வெளியிட்டார். பிழைத்தபோதெல்லாம் கற்றோர் நகைத்தனர். 1865இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். மறு ஆண்டு, விஞ்ஞான ஆதாரம் போதாது என்று அறிஞர் குழு ஒன்று தீர்ப்பளிக்க, எச்சரிக்கைகளும் நிறுத்தப்பட்டன. கடலிற் போய்ப் பிழைப்போர் அந்த எச்சரிக்கைகளின் அருமையை அறிந்திருந்தமையால், ஓரிரு ஆண்டுகளுக்குள் புயலெச்சரிக்கையை மீளத் தொடங்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் வேறொரு வழியால் இது வந்தது. 1869 செப்ரெம்பரில் சின்சினாற்றி நகரத்து வானாய்வு நிலையத்திலிருந்து கிளீவ்லண்ட் அபே என்ற இளம் வானியலாளர் தந்திச் செய்திகளைத் திரட்டி வானிலை அறிக்கை வெளியிட்டார். அதே காலத்திற் பேரேரிகளிலே புயல்களால் கப்பல்கள் தொடர்ந்து அழிந்துகொண்டிருந்தன. விஸ்கொன்சின் மாநிலத்தவரான இன்கிரீஸ் லப்பம் என்பார் அந்த அழிவுகளைப் பட்டியலிட்டுக் காங்கிரசுக்கு அனுப்பினார். மாலுமிகள் மூழ்கியது அதற்கு முன்னரும் நிகழ்ந்ததே. சரக்கும் மரக்கலமும் சேர்ந்து மூழ்கிய கணக்கு எண்களில் வந்தபோது அரசாங்கத்தின் கை திறந்தது. 1870 பெப்ரவரி 9ஆந் திகதி சனாதிபதி கிராண்ட் கையொப்பமிட்ட தீர்மானத்தின்படி, அவ்வாண்டு நவம்பர் முதலாந் திகதி 24 நிலையங்களிலிருந்து ஒரே நேரத்தில் வானிலை அவதானிக்கப்பட்டது. 1871இல் அபே அரசாங்கத்தின் முதலாவது முன்னறிவிப்பாளரானார். 'முன்னறிவிப்பு' என்ற துணிந்த சொல்லை அன்று அவர்கள் ஆளவில்லை. 'சாத்தியங்கள்' என்றனர். பின்னர் 'அறிகுறிகள்' என்றனர். அந்த அடக்கம் நமக்குப் பிடித்தமானது.

ஆனால் இவ்வேலை யாரிடம் ஒப்படைக்கப்பட்டது? இராணுவத்தின் சைகைப் படையிடம். இராணுவ ஒழுங்கு இருந்தாற்றான் அவதானிகள் நேரந் தவறாது கருவிகளைப் படிப்பர் என்று காரணம் கூறப்பட்டது. நாடெங்கும் ஒவ்வொரு நகரத்திலும் தந்திப் பொறியோடு அரசாங்கத்தின் படைவீரன் ஒருவன் அமர்ந்திருப்பது வேறு விதத்திலும் பயன்பட்டது. 1877இல் புகையிரதத் தொழிலாளரின் மாபெரும் வேலைநிறுத்தம் நாட்டைக் குலுக்கியபோது, காற்றின் திசையையும் முகிலின் நிறத்தையும் அறிவித்துக்கொண்டிருந்த இதே அவதானிகள், வேலைநிறுத்தக்காரர் எங்கே கூடுகின்றனர், கூட்டத்தின் மனநிலை எவ்வாறுள்ளது என்று மணிக்கணக்கில் வாஷிங்டனுக்குத் தந்தியடித்தார்கள். சனாதிபதி ஹேய்ஸ் அத்தந்திகளைப் பார்த்தே நிலைமையை அறிந்துகொண்டார். புயல்களைக் காணுதற்கென அமைத்த கண், மக்களைக் கண்காணிக்கவும் உதவிற்று! 1890இல் இயற்றிய சட்டத்தின் மூலம் இந்நிலையம் இராணுவத்திடமிருந்து பிரிக்கப்பட்டு, 1891 யூலையில் விவசாயத் திணைக்களத்தின் கீழ் வந்தது. நாம் பேசும் புயல் வந்தபோது அது இராணுவத்தின் கையிலேயே இருந்தது.

1888இல் அதன் தலைவராயிருந்தவர் அடொல்பஸ் கிரீலி. வடதுருவப் பிரதேசத்துக்கு 25 பேர் கொண்ட குழுவாகச் சென்று, பட்டினியாலும் குளிராலும் பெரும்பாலோர் மடிய, 1884இல் ஆறு பேரே உயிரோடு மீண்ட பயணத்தின் தலைவரும் அவரே. அந்த ஆறு பேரில் ஒருவரான சார்ஜன்ட் லோங், நியூயோர்க் வானிலை நிலையத்திற் பணியாற்றினார். புயலின் நடுவே காற்றுமானி பனியுறைந்து நின்றபோது, உயர்ந்த கட்டடத்தின் உச்சியிலிருந்த கம்பத்தில் அவர் ஏறி அதனைச் சரிப்படுத்தினார். நிலையத்தாரிடம் ஊக்கமோ துணிவோ குறைந்திருக்கவில்லை என்பதற்காக இதனைச் சொல்கின்றோம். குறை வேறிடத்தில் இருந்தது.

அந்த வார இறுதியில் இரண்டு தாழமுக்கங்கள் இருந்தன. ஒன்று பேரேரிகளின் பக்கமாகக் குளிரைப் பின்னால் இழுத்துக்கொண்டு கிழக்கே நகர்ந்தது. மற்றொன்று தெற்கே, ஜோர்ஜியா, கரோலினா மாநிலங்களை அண்டி ஈரமான வெப்பக் காற்றோடு கிளம்பிற்று. தெற்கிலெழுவது கடலுக்குட் போய்விடும், வடக்கிலிருப்பது சிறிது மழையோடு தீர்ந்துவிடும் என்பது வழக்கமான அனுபவம். நடந்ததோ வேறு. தெற்குத் தாழமுக்கம் கரையோரமாக ஏறி, கனடாவிலிருந்து வழிந்துவந்த குளிர்க்காற்றைச் சந்தித்துச் சில மணி நேரத்துள் உக்கிரமடைந்தது. வடகிழக்கே உயரமுக்கம் வழிமறித்து நின்றமையால், நியூ இங்கிலாந்துக்குத் தெற்கே கடலில் ஒரே இடத்திற் சுழன்றுகொண்டு நின்றது. இந்த நாடகம் முழுவதும் நிகழ்ந்தது கடலின் மேலே. கடலில் அவதானிப்பவர் எவருமில்லை. கப்பல்கள் இருந்தன, அவற்றிலே அமுக்கமானிகளும் இருந்தன. அவை காட்டியதைக் கரைக்குச் சொல்லக் கம்பியில்லாத் தந்தி இன்னும் பிறக்கவில்லை. போதாததற்கு, ஞாயிறு இரவே பனியின் பாரத்தால் தந்திக் கம்பிகள் அறுந்து வாஷிங்டன் வெளியுலகிலிருந்து துண்டிக்கப்பட்டது. எச்சரிக்கை நிலையமே முதலிற் குருடாயிற்று.

ஆகவே, அன்றைய முன்னறிவிப்பாளரைக் குறைசொல்வது எளிதாயினும் நீதியாகாது. தரையில் நின்று தரையை மாத்திரமே பார்த்தவர்கள் அவர்கள். தலைக்குமேல் ஏழெட்டு மைல் உயரத்தில் ஓடும் காற்றாறு ஒன்று புயல்களை நடத்துகின்றது என்பது அன்று எவருக்குந் தெரியாது.

திங்கட்கிழமை காலையில் நியூயோர்க் மக்கள் என்ன செய்தார்கள்? வேலைக்குப் போனார்கள். இதுவே இந்த வரலாற்றில் நம் மனத்தை உறுத்தும் பகுதி. அன்று சம்பளத்தோடு கூடிய விடுமுறை என்பது தொழிலாளி கேட்டறியாத ஒன்று. ஒருநாட் போகாவிட்டால் ஒருநாட் கூலி போகும். கூலி போவதோடு நின்றாலும் பரவாயில்லை, மறுநாள் அந்த இடத்தில் இன்னொருவன் நிற்பான். எனவே இடுப்பளவு பனியிலே, தையற்சாலைப் பெண்களும், கடைச் சிப்பந்திகளும், எழுதுவினைஞர்களும், சிறுவர்களும் நடந்தார்கள். பலர் பாதி வழியில் விழுந்தார்கள். போய்ச் சேர்ந்த பலர், கதவு பூட்டியிருக்கக் கண்டு திரும்ப நடந்தார்கள். உயர்பாலத்தில் ஓடும் புகைவண்டிகள் ஆங்காங்கே அந்தரத்தில் நின்றுவிட்டன. சுமார் 15,000 பேர் அவற்றில் அகப்பட்டுக்கொண்டனர். கீழே ஏணி கொண்டுவந்து சாத்தி, இறங்குவதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று காசு பறித்தவர்களும் இருந்தார்கள். செவ்வாயன்று கிழக்காறு பனிப்பாளங்களால் நிறைந்து பாலம்போலாகியபோது, புரூக்லினிலிருந்து பலர் அதன்மேல் நடந்தே மறுகரை சேர்ந்தனர். அங்கேயும் ஏணிக்குக் கட்டணம் வாங்கியோர் உண்டு. சந்தை விதி எந்தக் குளிரிலும் உறைவதில்லை போலும்.

வாடகைக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைகள் நிலக்கரியை வாளிக்கணக்கில் அன்றன்றைக்கு வாங்கி எரிப்பவர்கள். பணக்காரன் வீட்டு நிலவறையில் மாரி முழுவதுக்குமான கரி இருக்கும். வண்டிகள் நின்றதும் கரி வரவில்லை, பால் வரவில்லை. இருந்த கரியின் விலை ஏறிற்று. ஒரே பனிதான் எல்லாக் கூரைகள் மீதும் விழுந்தது. கூரைகளின் கீழே அது ஒரே பனியாக இருக்கவில்லை.

அப்புயலில் இறந்தோருள் வரலாறு பெயர் சொல்லி நினைவுகூர்வது பெரும்பாலும் ஒருவரையே. அவர் றொஸ்கோ கொங்கிளிங். முன்னாட் செனற்றர், குடியரசுக் கட்சியின் பெருந்தலைவர்களுள் ஒருவராயிருந்தவர். திங்கள் மாலை வோல் வீதியிலுள்ள தமது அலுவலகத்திலிருந்து புறப்பட்டார். வண்டிக்காரன் 50 டொலர் கேட்க, அந்த அநியாயத்துக்கு இணங்காமல் நடந்தார். யூனியன் சதுக்கத்தில் பனிக்குவியலில் அகப்பட்டுப் போராடி, ஏறத்தாழ மூன்று மணி நேரத்தின் பின்னர் மடிசன் சதுக்கத்திலிருந்த தமது கழகத்தின் வாசலை அடைந்து விழுந்தார். ஏப்ரல் 18ஆந் திகதி இறந்தார். மடிசன் சதுக்கப் பூங்காவில் அவருக்குச் சிலை உண்டு. கொங்கிளிங் வண்டி கேட்டார், விலை பேசினார், மறுத்தார், நடந்தார். ஒவ்வோரிடத்திலும் அவருக்குத் தெரிவு ஒன்று இருந்தது. அதே இரவில் அதே வீதிகளில் நடந்த தையற்காரிக்கு அப்படி ஒன்று இருந்ததா? அவளுக்குச் சிலை வேண்டாம். அவள் ஏன் அன்று வெளியே வந்தாள் என்ற கேள்வியையாவது வரலாற்றாசிரியர் கேட்டிருக்கலாம்.

புயல் ஓய்ந்தபின் இத்தாலியிலிருந்து புதிதாக வந்திறங்கிய கூலிகள் உட்பட ஆயிரக்கணக்கானோர் மண்வெட்டி பிடித்துப் பனியை வாரி வண்டிகளில் ஏற்றி ஆறுகளிற் கொட்டினார்கள். நகரபிதாக்கள் கம்பிகளைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார்கள். அக்கால நியூயோர்க்கின் வானம் தந்தி, தொலைபேசி, மின்சாரக் கம்பிகளால் வலை பின்னியிருந்தது. பொஸ்ரனிலிருந்து நியூயோர்க்குக்குச் செய்தி அனுப்ப, அட்லாந்திக் கடலடிக் கேபிள் வழியாக இங்கிலாந்துக்கு அனுப்பி அங்கிருந்து திருப்பியெடுக்க வேண்டியதாயிற்று. கம்பிகளை நிலத்தடியிற் புதைக்கவேண்டும் என்று 1884இலேயே சட்டம் இருந்தது. கம்பெனிகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. புயலுக்குப் பின்னர், 1889இல் நகர முதல்வர் ஹியூ கிராண்ட் கம்பங்களைத் தறிக்கக் கட்டளையிட்டார். கம்பெனிகள் நீதிமன்றத்தை நாடின. அவ்வாண்டு ஒக்ரோபரிலே கம்பித் தொழிலாளி ஒருவர், நண்பகலில், பெருங்கூட்டம் அண்ணாந்து பார்த்து நிற்க, கம்பிவலையிற் சிக்கி மின்சாரத்தாற் கருகி மாண்டார். அதன் பின்னரே கம்பிகள் உண்மையாக இறங்கின. நிலத்தடிப் புகையிரதத்தின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். புயலுக்கு ஆறு வாரங்களுக்கு முன்னரே நகர முதல்வர் ஏப்ரம் ஹூவிற் அதற்கான திட்டத்தை முன்வைத்திருந்தார். எல்லோரும் புயலைக் கண்டு அதன் அவசியத்தை ஒப்புக்கொண்டனர். முதல் வண்டி ஓடியது 1904 ஒக்ரோபர் 27ஆந் திகதி!

விஞ்ஞானம் இதைவிட விரைவாக நடந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் அதன் நடை உறுதியாயிருந்தது. முதலாவது உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியா தன் வானிலைச் செய்திகளை இரகசியமாக்கிக் கொள்ள, நோர்வே தனித்து விடப்பட்டது. உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்தது. பேர்கன் நகரத்திலே வில்ஹெல்ம் பியர்க்னெஸ் 1918 கோடையில் மேற்குக் கரையெங்கும் நெருக்கமான அவதான நிலையங்களை நிறுவினார். கரையோர மக்களின் கண்களும் அவ்வாய்வுக்கு உதவின. குளிர்க்காற்றும் வெப்பக்காற்றும் முட்டிக்கொள்ளும் எல்லைக்கோடுகளிலேயே புயல்கள் பிறக்கின்றன என்ற உண்மையை அவருடைய மகன் யாக்கொப்பும் மாணவர்களும் அவ்வரைபடங்களிலிருந்து கண்டறிந்தனர். போர் நிகழ்ந்த காலமாதலால் அக்கோடுகளுக்குப் 'போர்முனை' என்னும் பொருள்படும் சொல்லையே பெயராக இட்டனர். 1888இன் புயலுக்குரிய விளக்கம் முப்பது ஆண்டுகள் கழித்து நோர்வேயின் மழையிலே கிடைத்தது எனலாம்.

காற்றின் நாளைய நிலையைக் கணிதத்தாலே கூறமுடியும் என்று முதன்முதல் முயன்று பார்த்தவர் லூயிஸ் றிச்சட்சன். இவர் ஆயுதம் ஏந்த மறுத்த குவேக்கர் சமயத்தவர். பிரான்சின் போர்க்களத்திலே காயமுற்றோரை ஏற்றும் வண்டி ஓட்டிக்கொண்டே, 1910 மே 20ஆந் திகதியின் வானிலையைக் கையாற் கணித்துப் பார்த்தார். ஆறு மணி நேரத்தில் அமுக்கம் 145 மில்லிபார் மாறும் என்று விடை வந்தது. அப்படி எங்கும் மாறியதில்லை. உண்மையில் அன்று அமுக்கம் அசையவேயில்லை. இந்தத் தோல்வியை ஒளிக்காமல், 1922இல் வெளியிட்ட தமது நூலிலே முழுமையாக எழுதிவைத்தார். உலகத்தின் வானிலையை ஓடும் வேகத்திலேயே கணிக்க 64,000 பேர் ஒரு மண்டபத்தில் அமர்ந்து கணக்கிட வேண்டும் என்று கற்பனையும் செய்தார். பிரித்தானிய வானிலை நிலையம் விமானப்படை அமைச்சின் கீழ்ச் சென்றதும், 1920இல் அப்பதவியைத் துறந்தார். விஞ்ஞானம் யாருக்கு என்ற கேள்விக்கு அவர் தமது வேலையை விட்டு விடை சொன்னார்.

மேல்வானத்தை அளக்கும் வழியும் பிறந்தது. சோவியத் நாட்டிலே பவெல் மொல்ச்சனொவ் 1930 சனவரியில் வானொலிக் கருவி பொருத்திய பலூன் ஒன்றைப் பறக்கவிட்டார். இத்தகைய பலூன்கள் மேலேயுள்ள வெப்பத்தையும் அமுக்கத்தையும் பறந்தபடியே தரைக்குச் சொல்லின. 1950இல் 'எனியாக்' என்னும் மின்னணுக் கணினியிலே சார்ணி, பியோர்ட்டொவ்ற், வொன் நொய்மன் ஆகியோர் றிச்சட்சனின் கனவை மீண்டும் எடுத்தனர். அக்கணினி பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணிப்பதற்கென ஆக்கப்பட்டது. 24 மணி நேரத்து வானிலையைக் கணிக்க அதற்கு ஏறக்குறைய 24 மணி நேரம் பிடித்தது. வானிலையோடு கூடவே ஓடிற்று, முந்தவில்லை. எனினும் விடை அபத்தமாயிருக்கவில்லை. 1960 ஏப்ரல் முதலாந் திகதி ஏவப்பட்ட 'ரைரொஸ்' செய்மதி, கடலின் மேலுள்ள முகில்களைப் படம்பிடித்து அனுப்பிற்று. 1888இல் எவரும் காணாத அந்தக் கடல் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிற்று.

இவ்வளவும் கூடி வந்தபின் மார்ச் மாதப் புயல் எளிதாயிற்றா? அம்மாதத்துக்கு இரண்டு எசமானர்கள். கனடாவின் சமவெளிகளில் மாரியின் குளிர் இன்னும் கலையாது கிடக்கின்றது. தெற்கே மெக்சிக்கோக் குடாவின் மேலே வெயில் ஏறிக் காற்று ஈரமும் சூடும் கொண்டுவிடுகின்றது. இவை இரண்டுக்குமிடையேயுள்ள வேற்றுமையே புயலுக்கு உணவு. அதனாலேதான் மாரியின் நடுவில் வருவதைவிட வலிய புயல்கள் மாரியின் வாலில் வருவதுண்டு. அதே வேளையில் நிலமுங் கடலும் சற்றே சூடேறியிருப்பதால், மழைக்கும் பனிக்குமுள்ள எல்லைக்கோடு கரையை ஒட்டியே ஊசலாடுகின்றது. புயலின் மையம் ஐம்பது மைல் இப்பக்கம் வந்தால் நகரத்தில் மழை. அப்பக்கம் போனால் ஓரடி பனி.

1993 மார்ச்சில் அமெரிக்க வானிலையாளர் தமது முழுத் திறமையையுங் காட்டினார்கள். மார்ச் 12 முதல் 14 வரை வீசிய பெரும்புயலை ஐந்து நாள்களுக்கு முன்னரே கணினிகள் கண்டன. தெளிந்த வானத்தின் கீழ், வசந்தத்துக்கு ஒரு வாரமே இருக்க, நாட்டின் கிழக்குப் பாதி முழுவதும் பனியால் மூடப்படும் என்று அவர்கள் துணிந்து கூறினர். முதற் பனித்துளி விழுமுன்னரே மாநில ஆளுநர்கள் அவசரநிலை பிரகடனஞ் செய்தனர். பனியை அரிதாகவே காணும் அலபாமாவின் பேர்மிங்ஹாம் நகரில் 13 அங்குலம் விழுந்தது. அப்படியிருந்தும் சுமார் 270 பேர் இறந்தனர். புளோரிடாவின் மேற்குக் கரையில் பனியல்ல, கடல் வந்தது. மெக்சிக்கோக் குடாவின் மேலே புயல் கணிப்பை மிஞ்சிய வேகத்தில் வலுத்தது. கடலில் அவதானங்கள் குறைவு என்ற பழைய குறை அங்கே மீண்டும் தலையெடுத்தது. இரவில் உறங்கிக்கொண்டிருந்த கரையோர மக்கள் மீது கடல் பத்தடிக்கு மேல் உயர்ந்து ஏறிற்று. பலர் மூழ்கி இறந்தனர். வடக்கே பனிப்புயலை ஐந்து நாள் முன்னறிந்த நிலையம், தெற்கே கடல் ஏறுவதைப் போதிய அளவு சொல்லவில்லை.

2017 மார்ச் 14ஆந் திகதிப் புயலின்போது தோன்றிய இடர்ப்பாடு வேறு வகையானது. நியூயோர்க் நகரில் 18 முதல் 24 அங்குலம் வரை பனி விழும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. முதல்நாட் பிற்பகலிலேயே, எல்லைக்கோடு உள்நாட்டுப் பக்கம் நகர்கின்றது, நகரத்துக்கு அவ்வளவு வராது என்பதற்கான அறிகுறிகளை முன்னறிவிப்பாளர்கள் கண்டனர். கலந்து பேசினார்கள். கடைசி நேரத்தில் அளவைக் குறைத்தால், ஆபத்தே நீங்கிவிட்டதென மக்கள் எண்ணிவிடுவர் என்று அஞ்சி, எச்சரிக்கையை மாற்றாது விட்டார்கள். மத்திய பூங்காவில் விழுந்தது ஏழரை அங்குலமளவே. உள்நாட்டு நகரமான பிங்ஹாம்ரனிலோ 30 அங்குலத்துக்கு மேல் விழுந்தது. அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் நடந்தார்கள். ஆயினும் நமக்கு இது உடன்பாடன்று. தெரிந்ததைத் தெரிந்தபடியும், தெரியாததைத் தெரியாததென்றும் கேட்கும் தகுதி மக்களுக்கு உண்டு. மக்கள் விளங்கிக்கொள்ள மாட்டார்கள் என்று மேலிடத்தில் முடிவுசெய்யும் பழக்கம் வானிலை அலுவலகத்தில் தொடங்கி அங்கேயே முடிவதில்லை. 'சாத்தியங்கள்' என்று அன்று அபே இட்ட பெயர் எவ்வளவோ நேர்மையானது.

இனி, சரியாகச் சொல்லப்பட்ட முன்னறிவிப்பு ஒன்று. மாரியின் தொடக்கத்தில் வந்ததாயினும், 2022 டிசெம்பரில் நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகரைத் தாக்கிய பனிப்புயலை இங்கே கூறாமல் விடமுடியாது. பல நாள்களுக்கு முன்னரே, தலைமுறைக்கு ஒருமுறை வரத்தக்கது என்று வானிலை நிலையம் எச்சரித்திருந்தது. நாளும் நேரமும் ஏறத்தாழச் சரியாகவே இருந்தன. கணிதம் பிழைக்கவில்லை, செய்மதி பிழைக்கவில்லை, கம்பி அறவில்லை. ஈரி மாவட்டத்தில் 47 பேர் இறந்தனர். சிலர் மோட்டார் வண்டிகளுக்குள்ளே, சிலர் வீதியோரப் பனியிலே, சிலர் மின்சாரமற்றுக் குளிர்ந்த தம் வீடுகளிலே. நகரெல்லைக்குள் இறந்தோரிற் பெரும்பான்மையோர் கறுப்பின மக்கள். வீதிகளில் வாகனம் செலுத்துவதற்கான தடை டிசெம்பர் 23ஆந் திகதி, வெள்ளிக்கிழமை காலை 9.30 மணிக்கு நடைமுறைக்கு வந்தது. காலைமுறை வேலைக்காரர்கள் அதற்கு முன்னரே வீட்டை விட்டுப் புறப்பட்டுப் போயிருந்தார்கள்.